நான்கு பேர், ஒரு மீட்டர்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் மூன்று நண்பர்களோடு ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வேலை சிப்காட்டில். சொந்த ஊர் சாயல்குடிப் பக்கம். தண்ணீர் வண்டிக்காக அம்மா குடங்களோடு தெருவில் காத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன். இங்கே மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். டேங்க் நிரம்பி அரை மணி நேரம் சுவரோடு வழிகிறது. ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுகிறது. காலையில் போட்ட கீசர் ராத்திரி வரை எரிகிறது. ஒருவருக்கு நைட் ஷிஃப்ட், அதனால் பகல் முழுக்க ஏசி. போன முறை 628 யூனிட் வந்தது. பில்லை நாலாகப் பிரித்துக்கொள்கிறோம். நான் ஸ்விட்சை அணைத்துக்கொண்டே திரிவதால் எனக்கு 'வார்டன்' என்று பெயர். ஒருவர் ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை. இவர்களை எப்படித் திருத்துவது? இல்லை, வீட்டையே மாற்றிக்கொள்ளட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: தம்பி, பணம் வீணானால் 'தண்ணீராகச் செலவழிக்கிறான்' என்று சொல்கிற மொழி நம்முடையது. குடத்தோடு வண்டிக்குக் காத்திருந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லே வலிக்கும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கேட்டது பில் கவலையைவிட அந்த வலிதான். அதனால் இதை வெறும் சிக்கனக் குறிப்பாக எழுதித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

20 வருடமாக வீடுகளிலும் விடுதிகளிலும் ஆலைகளிலும் மின்சாரமும் தண்ணீரும் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் வீணாவதில் பாதியை யாரையும் திருத்தாமலே நிறுத்திவிடலாம். மறந்துபோகிற மனிதனோடு சண்டை போடுவதைவிட, அவன் மறந்தாலும் தானாக நின்றுவிடுகிற ஒரு சாமானை மாட்டுவது எளிது. பேச வேண்டியதை அதற்குப் பிறகு பேசலாம். பேசும்போது கையில் எண்கள் இருக்க வேண்டும்.

சரி, முதலில் மீட்டர். இன்று ராத்திரியே வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் பெட்டி முன்னால் போய் நில்லுங்கள். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும். அது இத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். 1600, 3200 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் வீட்டில் ஏதோ இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது. ஃபிரிட்ஜ் ஓடலாம். டிவியை ரிமோட்டில் அணைத்திருப்பார்கள், செட்டாப் பாக்ஸ் விழித்திருக்கும். அது 10 வாட் இழுத்தால்கூட இரண்டு மாதத்தில் 14 யூனிட் ஆகிவிடும். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி விளக்கைப் பாருங்கள். தனியாகப் பார்க்காமல், உங்களோடு இன்னும் பேசுகிற நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் வாயைத் திறக்காமலே அவருக்கு விஷயம் விளங்கிவிடும். மோட்டார் உங்கள் மீட்டரில் ஓடுகிறதா, வீட்டுக்காரர் மீட்டரிலா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அந்த 628. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது, முதல் 100 யூனிட் இலவசம். இவை எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டில் ஒரு பள்ளம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்தே சொல்கிறேன். அதன்பின் கட்டணம் ஏறியிருக்கிறது, ஆனால் கணக்கு புரிய அந்த எண்கள் வசதி. 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடுகிறது. 101-லிருந்தே 4.50 போடுவார்கள், 500-க்கு மேல் 600 வரை யூனிட் 8 ரூபாய், அதற்கு மேல் 9 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டால் பில் 1,958 ஆகிறது. உங்கள் 628-ஐ இதே அட்டவணையில் போட்டால் 3,002 ரூபாய். அதாவது, கடைசி 128 யூனிட்டுக்கு மட்டும் 1,277 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள்.

'கரண்டைக் குறைங்கடா' என்று சொன்னால் யார் காதிலும் ஏறாது. எவ்வளவு குறைப்பது, எதற்குக் குறைப்பது என்று யாருக்கும் தெரியாதே. '500-க்குள்ள நிக்கணும், மாசம் 250' என்று சொல்லிப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே கோடு. அதில் நீங்களும் நிற்கிறீர்கள்.

128 யூனிட்டை எங்கே பிடிப்பது? முதலில் ஃபேன். ஆளில்லாத அறையில் சுற்றுவதுதான் உங்கள் கண்ணில் படுகிறது. ஆள் இருக்கும்போது அது எவ்வளவு இழுக்கிறது என்பதையும் பாருங்கள். வாடகை வீட்டில் தொங்குகிற பழைய ஃபேன் 75 வாட் வரை எடுக்கும். பிஎல்டிசி என்று வருகிற புது ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தருகிறது. நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினால் 97. இதற்காக யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மறந்துபோய் ஓடவிட்டாலும் பாதிக்குக் கீழ்தான் செலவு. நான்கு பேரும் பணம் போட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஆளுக்கொன்று அவரவர் பெயரில் வாங்கி, காலி செய்யும்போது கழற்றி எடுத்துப்போங்கள்.

அப்புறம் கீசர். 25 லிட்டர் தண்ணீரைக் குழாயில் வரும் பதத்திலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். அது நியாயமான செலவு. குளித்து முடித்த பிறகும் எரியவிட்டால், யாரும் தொடாத தண்ணீரைச் சூடாகவே வைத்திருப்பதற்கு மட்டும் நாளைக்கு அரை யூனிட் போகலாம். அதுவும் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட் கணக்கு. இதற்கும் ஆளைப் பிடிக்க வேண்டாம். குறித்த நேரத்தில் தானே அணைகிற டைமர் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுங்கள். கீசரின் லோடைத் தாங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள். சூட்டை 60-லிருந்து 50-க்கு இறக்கினால் இன்னும் நல்லது. சித்திரை, வைகாசியில் நம் ஊர் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வருகிற தண்ணீரே கொதிக்கும், அந்த இரண்டு மாதமும் கீசரின் மெயின் ஸ்விட்ச் அணைந்தே இருக்கட்டும்.

இனி ஏசி. இந்த இடத்தில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை, தம்பி. ராத்திரி முழுக்க ஆலையில் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற மனிதர், மே மாதப் பகலில், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற அறையில் தூங்க வேண்டும். அந்தத் தளம் வெயிலை வாங்கிச் சாயங்காலம் வரை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். அவருடைய தூக்கத்தை வீண் செலவில் சேர்க்காதீர்கள். தூக்கம் கெட்டுப்போய் மறுநாள் இயந்திரத்தின் முன்னால் நிற்பது எத்தனை ஆபத்து என்று சிப்காட்டில் வேலை பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏசியை நிறுத்தச் சொல்வதை விட்டுவிட்டு, அது குறைவாகக் குடிக்க வழி செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் எழுந்த பிறகு, கேட்டுவிட்டு அதன் முன்மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே வலை மாதிரி இரண்டு சட்டங்கள் இருக்கும். பல மாதம் தொடாத வலையில் தூசு சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். விரலால் சுருட்டினால் பாய்போல உருண்டு வரும். இதற்குள்தான் அந்த ஏசி மூச்சுவிட முயன்றுகொண்டிருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். மேற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் தடித்த திரை போடுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் மொட்டைமாடிக்கு வெள்ளை அடிக்கலாம். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும், அறைக்குள் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். ஏசியை 18-ல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்கிறார் என்றால், 25-ல் வைத்து மெதுவாக ஃபேனைச் சுற்றவிடச் சொல்லுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் (பிஇஇ) சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது.

அந்த ஏசிக்கு ஒரு தனிச் சிறு மீட்டர் போட்டுவிடுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியனிடம் கேட்டால் அந்த லைனில் மாட்டித்தருவார். ஏசி ஓடிய யூனிட் அவர் கணக்கு, மீதி நாலாகப் பிரியட்டும். நாலாகப் பிரிப்பது நியாயம்போலத் தோன்றும். ஆனால் அதில் 100 ரூபாய்க்குக் கரண்டு எரித்தவர் 25 ரூபாய்தான் கொடுக்கிறார், குறைக்க அவருக்குக் காரணமே இல்லாமல் போகிறது. தனி மீட்டர் வந்தால் அவரும் யாருக்கும் கடன்படாமல் நிம்மதியாக ஏசி போட்டுக்கொள்வார். உங்கள் வீட்டுப் புகைச்சலில் பாதி இந்தப் பங்கீட்டிலிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன்.

தண்ணீருக்கு வருவோம். இங்கே எனக்கும் வயிறு எரிகிறது.

டேங்க் நிரம்பி வழிகிற குழாயின் கீழே ஒரு 20 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். 30 விநாடி என்றால் நிமிடத்துக்கு 40 லிட்டர். அரை மணி நேரத்தில் 1,200 லிட்டர். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டு நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. ஆக, ஒருவர் அசந்து தூங்கிய அரை மணியில் ஒன்பது பேரின் ஒரு நாள் தண்ணீர் சுவரில் வழிந்துவிட்டது. அது ஒரு குதிரைத்திறன் மோட்டாராக இருந்தால் அரை யூனிட் கரண்டும் அதோடு போயிற்று.

கடலூரில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. கடலோர நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் பழைய கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு மீட்டர் இறங்கினால் அடியில் உப்பு 40 மீட்டர் ஏறி வரும். நம் மாவட்டத்து நிலத்தடி நீருக்கு ஏற்கெனவே சுமை அதிகம். நெய்வேலியில் நிலக்கரி வெட்டுவதற்காகப் பல பத்தாண்டுகளாக அடிநீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். வீராணம் ஏரித் தண்ணீர் 2004-லிருந்து சென்னைக்கும் போகிறது. இந்த நிலைமையில் மஞ்சக்குப்பத்து போர்வெல் ஒன்று சுவர் நனைவதற்காக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதுதான்.

இதற்கு ஒரு மிதவை ஸ்விட்ச் போதும். டேங்க் நிரம்பியதும் மோட்டாருக்குப் போகும் கரண்டைத் தானே நிறுத்திவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. சிலர் செலவு குறைவு என்று டேங்க்கில் பந்து வால்வை மட்டும் போட்டுவிடுவார்கள். தண்ணீர் வரும் வழி அடைபடும், மோட்டார் அது தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். போர்வெல் மோட்டார் அதில் சூடேறி, உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் எரிந்துபோய்விடும். நிற்க வேண்டியது மோட்டார், அதற்கான ஸ்விட்சைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீரும் கரண்டும் சேர்கிற இடம் என்பதால் நீங்களாக மாட்ட வேண்டாம்.

இந்தச் செலவை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். 'தண்ணீர் வீணாகிறது' என்று தொடங்காதீர்கள். 'சுவர் ஊறுகிறது, கம்பி துருப்பிடித்துவிடும், ஒரு ஸ்விட்ச் போட்டுக்கொடுங்கள்' என்று சொல்லுங்கள். அவருக்குச் சுவர் முக்கியம், உங்களுக்குத் தண்ணீர். ஒரே ஸ்விட்சில் இரண்டும் முடிகிறது.

இன்னொன்று, சத்தமே இல்லாத திருட்டு. துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போங்கள். ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து ஐந்தாறு சொட்டு விடுங்கள். கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. பிறகு கோப்பையைப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மெல்லிய நீலக் கோடு இறங்கியிருந்தால் அடியில் இருக்கிற ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ராத்திரி பகலாக ஒழுகிக்கொண்டிருக்கிறது, மோட்டார் அதற்கும் சேர்த்து ஓடுகிறது. அந்த ரப்பர் சின்ன விலைதான், பிளம்பர் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். புதுச்சேரியில் ஒரு பெண்கள் விடுதியில் 'பிள்ளைகள் தண்ணீரைக் கண்டபடி கொட்டுகிறார்கள்' என்று வார்டனம்மா என்னை அழைத்தார்கள். ஆறு கழிப்பறையில் நான்கில் நீலம் இறங்கியது. அந்தப் பிள்ளைகள் வாங்கிய திட்டு அத்தனையும் நான்கு ரப்பருக்குச் சேர வேண்டியது. உங்கள் வீட்டிலும் யாரையாவது குறை சொல்வதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிற குழாயில் நாளைக்கு 20 லிட்டர் போகும், வாஷரை மாற்றிவிடுங்கள். சமையலறைக் குழாய் வாயில் ஏரேட்டர் என்கிற சல்லடை மூடியைத் திருகுங்கள். உப்பு படிந்து அடைத்தால் எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும். ஆர்ஓ இருந்தால் அது கழிக்கிற தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்துக் கழிப்பறைக்கும் வீடு துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம். செடிக்கு வேண்டாம், உப்பு அதிகம்.

இவ்வளவும் முடிந்த பிறகு பேச்சு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் வில்லியனூரில் இரண்டு தோழிகளோடு ஒரு வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு ஸ்விட்ச்போர்டிலும் 'அணைக்கவும்' என்று சீட்டு ஒட்டினேன். இரண்டாம் வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது, ஃபேன் நிற்கவில்லை. அன்றைக்கு நான் செய்த தவறு எனக்கு இப்போது தெரிகிறது. அந்தச் சீட்டுகள் கரண்டைப் பற்றிப் பேசவில்லை. 'நீ பொறுப்பில்லாதவள்' என்று ஒரு நாளைக்கு ஐம்பது முறை சொன்னன. யார்தான் அதைப் பொறுத்துக்கொள்வார்கள்?

அதனால் அடுத்தவர் அறை ஸ்விட்சை இன்றோடு தொடாதீர்கள். வார்டன் என்கிற பெயர் போக அதைத் தவிர வேறு வழி இல்லை. பில் வருகிற அன்றைக்குப் பேசாதீர்கள், அன்று எல்லோருக்கும் பணக் கவலை. ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு பேசுங்கள். சாயல்குடியைச் சொல்லுங்கள். 'நீங்க வீணாக்குறீங்க' என்று ஆரம்பிக்காமல், 'எங்க அம்மா ஒரு குடத்துக்கு எவ்வளவு நேரம் நின்னாங்க தெரியுமாடா' என்று ஆரம்பியுங்கள். இத்தனை நாள் நீங்கள் ஏன் ஸ்விட்சைத் தேடித் தேடி அணைத்தீர்கள் என்பது அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கஞ்சன் என்று நினைத்திருப்பார்கள். அதன் பிறகு 500 கோட்டையும் 1,277 ரூபாயையும் சொல்லுங்கள். பேசாமல் இருக்கிற நண்பரிடம் அதற்கு முன்னாலேயே தனியாகப் போய், ஸ்விட்ச் விஷயத்தில் வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஞாயிறுதோறும் மீட்டரைப் படமெடுத்து உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். யார் காரணம் என்றெல்லாம் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும். நாலைந்து வாரத்தில் வேறு யாராவது 'இந்த வாரம் ஏன் ஏறிருக்கு' என்று கேட்பார்கள். அதுவரை பொறுங்கள்.

வீட்டை மாற்றுவதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பில் வரட்டும், நான்கு மாதம். சாமான்களைச் சரிசெய்து, ஏசிக்குத் தனிக் கணக்கு வைத்து, ஒருமுறை மனம்விட்டுப் பேசிய பிறகும் அவர்கள் உங்களைக் கிண்டல்தான் செய்கிறார்கள் என்றால், தாராளமாக வேறு இடம் பாருங்கள். தினமும் மனம் நோகிற வீட்டில் இருந்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இப்போதே போக வேண்டாம் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

ஃபேன் மாற்றினால், கழற்றிய பழைய ஃபேன்களைத் துணி சுற்றிப் பரணில் வைத்துவிடுங்கள், எது எந்த அறையுடையது என்று மேலே எழுதி. காலி செய்யும்போது வீட்டுக்காரருக்கு மாட்டிக்கொடுக்க வேண்டும்.